பூச்சோங் வானில் மின்னிய இரிடியம்

மெர்டேக்கா கிடைத்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. 1957 அக்டோபர் 4-ஆம் தேதி சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. உலகமே அண்ணாந்து பார்த்தது. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பெரும்பாலோர் வெறுங்கண்ணால் கண்டது ஸ்புட்னிக்கையே அல்ல. 58 சென்டிமீட்டர் உருண்டையான அது மிக மங்கல். கூடவே சுற்றிய ராக்கெட் பாகத்தைத்தான் பார்த்தார்கள்.

இப்படிக் கைவிடப்பட்ட பாகங்கள் பல உருண்டபடியே சுற்றும். வழவழப்பான பக்கம் வெயிலைத் திருப்பியடிக்கும்போது பளிச்சென்று மின்னும்; பிறகு மங்கிவிடும். இரண்டு மின்னலுக்கு இடையே எத்தனை விநாடி என்று ஸ்டாப்வாட்ச்சில் அளந்தால் சுழலும் வேகம் தெரிந்துவிடும். பெல்ஜியம் நாட்டு ஆர்வலர்கள் இந்தக் கணக்குகளைப் பல்லாண்டுகள் தொகுத்தார்கள். சம்பளமில்லாத வேலை!

ஆனால் நம் வட்டாரத்துக்கு ஏற்ற காட்சி 1997 மே மாதம்தான் வந்தது. கைத்தொலைபேசிக்காக இரிடியம் துணைக்கோள்கள் ஏவப்பட்டன. 77 ஏவத் திட்டமிட்டதால் அணு எண் 77 கொண்ட உலோகத்தின் பெயர். பிறகு 66 போதுமென்றார்கள், பெயரை மாற்றவில்லை. 1998 நவம்பரில் சேவை தொடங்கி, 1999 ஆகஸ்டில் நிறுவனம் திவால் மனு போட்டது. வியாபாரம் படுத்தாலும் வானத்தில் கொண்டாட்டம்தான். ஒவ்வொன்றிலும் கதவளவு மூன்று ஆண்டெனா பலகைகள், கண்ணாடி மாதிரி. அவற்றில் பட்ட வெயில் சில விநாடிகளுக்கு வெள்ளிக் கோளையே தோற்கடித்தது.

அப்போது பூச்சோங்கில் ரப்பர் தோட்டங்களும் ஈய லம்பங்களும் தாமான்களாக மாறிக்கொண்டிருந்தன. தெருவிளக்குகள் பெருகப் பெருக நட்சத்திரங்கள் குறைந்தன. அந்த வெளிச்சத்தாலும் மறைக்க முடியாத காட்சி இது. மேகம் மட்டும் விலக வேண்டும். கண்ணாடியொளி தரையில் சுமார் பத்து கிலோமீட்டர் அகலத் திட்டாகவே விழும். ஆகவே பூச்சோங்கில் பளீரென்றது கிள்ளானில் மங்கல்! நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை இல்லாமல் நேரத்தைக் கணிக்க முடியாது. நிலநடுக்கோட்டருகே பூமியின் நிழல் விரைவாக ஏறிவிடும். மாலைக் காட்சிகள் பெரும்பாலும் இரவு ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும்.

2009 பிப்ரவரி 10-ஆம் தேதி இரிடியம் 33, செயலிழந்த ரஷ்யத் துணைக்கோள் ஒன்றுடன் மோதிச் சிதறியது. 2017 முதல் 2019 வரை புதிய துணைக்கோள்கள் ஏறின. அவற்றில் அந்தக் கண்ணாடிப் பலகைகள் இல்லை. பழையவை பல கீழிறக்கப்பட்டு எரிந்தன. செயலிழந்த சில மட்டும் கட்டுப்பாடின்றி உருண்டுகொண்டிருக்கின்றன. அவை எப்போது மின்னும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மறுபடியும் ஸ்டாப்வாட்ச்தான்.