பதிகம் சொல்லும் சாட்சி

பதிகம் என்றவுடன் தேவாரம் ஓதினோர் உள்ளத்தே பத்துப் பாடல் அளவினதாகிய தொகுதியே தோன்றும். ஆயின் இச்சொற்குப் பிறிதொரு பொருளும் உண்டு. முகவுரை, அணிந்துரை, நூன்முகம் என்பவற்றோடு பதிகத்தையும் பாயிரத்தின் பெயராகவே நன்னூலார் வைத்தார். பாடினோர் யாவர், பாடப்பட்டோர் யாவர், பாடியது எச்சூழலில் என்று அறிவிப்பது அதன் தொழில். முகவுரை எனினும், பதிற்றுப்பத்தில் அஃது ஒவ்வொரு பத்தின் இறுதியிலும் நிற்றல் காண்க.

ஐந்தாம் பத்தை எடுத்துக்கொள்வோம். செங்குட்டுவனைப் பாடியவர் பரணர் என்பதும், அவர் பெற்ற பரிசில் உம்பற்காட்டு வருவாய் என்பதும் பதிகத்தால் தெரிபவை. பத்தினிக்குச் சிலை செய்ய அவன் வடநாடு சென்று கல் கொணர்ந்த செய்தியும் அதிலேயே உளது. பரணர் பாடிய பத்துப் பாட்டிலோ அச்செய்தி இல்லை! கடற்போரைப் பாடினார், மோகூர்ப் பழையனது வேம்பு வீழ்ந்ததைப் பாடினார், இமயக் கல்லைப் பாடினாரில்லை.

இதனை நுணுகி நோக்கல் வேண்டும். சிலப்பதிகாரம் கூறும் இலங்கைக் கயவாகுவைக் கொண்டே செங்குட்டுவனைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டினன் என்று பலரும் கணக்கிட்டனர். பதிகம் அக்காப்பியக் கதைக்குத் தனிச் சாட்சி எனக் கொள்ளப்படுகிறது. பதிகத்தை எழுதியவர் சிலப்பதிகாரக் கதையைக் கேட்டறிந்து எழுதினாராயின், நம்மிடம் இருப்பன இரு சாட்சிகள் அல்ல, ஒன்றே. பதிகங்கள் பிற்காலத்தன என்பாரும் உளர். அவர் கூற்றை எளிதில் ஒதுக்க என் மனம் இசையவில்லை.

அதுபற்றிப் பதிகம் அனைத்தையும் கற்பனை என்று தள்ளலும் தவறு. கரூர்க்கு அருகே புகளூர் ஆறுநாட்டார் மலையில், ஆதன் இரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைச் சேரர் பெயர்கள் பழந்தமிழ் எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. ஏழு முதல் ஒன்பது வரையுள்ள பத்துகளின் பதிகங்களில் வரும் பெயர்களோடு இவை பெரிதும் நெருங்குவன.

ஆட்சியாண்டுகளோ திகைப்பூட்டுவன. இமயவரம்பனுக்கு 58, அவன் தம்பிக்கு 25, மக்கள் மூவருக்கு முறையே 25, 55, 38. அடுத்தடுத்து ஆண்டனர் எனின் இரண்டே தலைமுறைக்கு 201 ஆண்டுகள் ஆகின்றன! வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒரே காலத்தில் ஆண்டனர் என்று அமைதி கூறுவர். ஆயின் அவ்வமைதி பதிகத்தில் இல்லை. நாம் கொண்டு வைப்பது.