மூச்சில் ஏறிய இன்ஸுலின்

ஆனைமலைக் காப்பியின் கஷாயத்தைச் சூடான காற்றில் சாரலாகத் தெளித்தால் நொடியில் தூளாகிவிடும். இன்ஸுலினையும் அப்படித்தான் தூளாக்கினார்கள். ஊசிக்குப் பயந்து நாளைத் தள்ளிப்போடும் நீரிழிவுக்காரர்கள் நம் வீடுகளில்தான் எத்தனை பேர்! 1922-ல் முதல் நோயாளிக்கு ஊசி போட்டார்கள். 1925-லேயே ஜெர்மனியில் மூச்சு வழியாகவும் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள்.

ஆனால் அது புரதம். சூடும் ஈரமும் பட்டால் கெடும். தூளோ 5 மைக்ரானுக்கு மேற்பட்டால் தொண்டையோடு நின்றுவிடும். மானிட்டால், கிளைஸின் முதலியவற்றைச் சேர்த்துக் கண்ணாடிபோல் இறுகவைத்துக் காப்பாற்றினார்கள்.

பைசர் கம்பெனியின் எக்ஸுபெரா 2006 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தூள் ஜெயித்தது, உறிஞ்சும் கருவிதான் விரித்தால் ஓரடி நீளம்! நாலு பேர் நடுவில் அதை எடுக்க யார் துணிவார்? விலையும் கூடுதல். 2007 அக்டோபரில் கம்பெனி கைவிட்டது. நஷ்டக் கணக்கு 280 கோடி டாலர். பழகியவர்கள் பாவம், மறுபடி ஊசியை எடுத்தார்கள்.