வெப்பத்திற்கு ஒரு வாயில்



அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் மாநிலங்களில் வீட்டோடு சுவர் சேரக் கார் ஷெட் ஒன்றைக் கட்டிக்கொள்வது வழக்கம். பெயரளவில் அது காரின் உறைவிடம். உண்மையில் வீட்டுக்காரரின் பட்டறை. தச்சு வேலை, மின் கருவிகளின் பழுது பார்த்தல், வண்டி மராமத்து ஆகிய யாவும் அங்கேதான் நடைபெறும். கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்னும் ஊரில் ஹியூலெட், பாக்கார்ட் என்னும் இரு இளைஞர் 1938-ஆம் ஆண்டில் மின் அளவைக் கருவிகள் செய்யத் தொடங்கியதும் இத்தகைய கார் ஷெட் ஒன்றிலேதான். ஆனால் பாலோ ஆல்டோ இதமான தட்பவெப்பம் உடைய ஊர். டெக்ஸாஸிலோ அரிசோனாவிலோ ஜூலை மாதத்துப் பிற்பகலில் அவ்வறைக்குள் நின்று வேலை செய்வது எளிதன்று. ஒரு பக்கம் முழுவதும் மெல்லிய உலோகக் கதவு. மேலே வெப்பத்தைத் தடுக்கும் பொதி பெரும்பாலும் இராது. ஓடி வந்த கார் தன் எஞ்சினின் சூட்டையும் சுமந்து வந்து உள்ளே நிற்கும்.

ஆகவே, உருளைகள் பொருத்திய சிறிய குளிர்ப்பொறி ஒன்றை வாங்கி அங்கே வைக்கிறார்கள். இடுப்பளவு உயரம் இருக்கும். வேண்டிய இடத்திற்குத் தள்ளிச் செல்லலாம். அதன் முதுகிலிருந்து யானையின் துதிக்கை போலப் பருத்த குழாய் ஒன்று நீண்டிருக்கும். சன்னல் இல்லாத அறையில் இக்குழாயை எங்கே நீட்டுவது என்பதே வாங்கியவருக்கு எழும் முதற் கேள்வி. கதவில் துளை இடுவதா, சுவரைக் குடைவதா என்று தயங்கிக் குழாயை அறைக்குள்ளேயே விட்டுவிட்டால், பொறி இரைந்துகொண்டே இருக்கும். அறையோ முன்னினும் சூடாகும். குளிர்ச்சியைத் தேடி மனிதர் நடத்திய முயற்சிகளின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியினுள் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

குளிர் என்று ஒரு தனிப்பொருள் இல்லை. அதனை ஒருவரும் ஆக்குவதில்லை. ஓரிடத்தில் உள்ள வெப்பத்தை எடுத்து வேறோரிடத்தில் கொட்டுகிறோம். எடுத்த இடம் குளிர்கிறது. இவ்வளவே செய்தி. இதனைத் தெளிவாக உணர்வதற்கு முன் மனிதர் பனிக்கட்டியை நம்பியிருந்தார்கள்.

பாஸ்டன் நகரத்து வணிகராகிய பிரடெரிக் டியூடர் என்பவர் 1806-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பனிக்கட்டியைக் கப்பலேற்றி மார்ட்டினீக் தீவிற்கு அனுப்பினார். ஊரார் நகைத்தனர். அவர் மனம் தளரவில்லை. 1833-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'டஸ்கனி' என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனை விட்டுப் புறப்பட்டது. நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது. நம் சென்னைக்கும் அப்பனிக்கட்டி வந்தது. 1842-ஐ ஒட்டிக் கடற்கரையில் அதற்கெனக் கட்டிய சேமிப்பு மாளிகையே 'ஐஸ் ஹவுஸ்'. பின்னாளில், 1897-இல், விவேகானந்த அடிகள் சில நாள் தங்கியதும் அங்கேதான். திருவல்லிக்கேணியின் ஒரு பகுதிக்கு அப்பெயர் வழங்குவது உங்களுட் பலருக்குத் தெரிந்திருக்கும்.

பனிக்கட்டி வணிகம் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. ஆயினும் அது ஒரு சொல்லை நமக்கு விட்டுச் சென்றிருக்கிறது. 'ஒன்றரை டன் ஏ.சி.' என்று கடையில் கேட்கிறோம் அல்லவா? பொறியின் எடை அன்று அது. 2,000 பவுண்டு பனிக்கட்டி ஒரு நாள் முழுவதும் உருகி நீராகும்போது எவ்வளவு வெப்பத்தை உட்கொள்ளுமோ, அவ்வளவை ஒரு நாளில் அகற்றும் பொறி ஒரு டன் பொறி. ஒரு பவுண்டு பனிக்கட்டி உருக 144 வெப்ப அலகு வேண்டும். 2,000-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 12,000 அலகு என்று வரும். கார் ஷெட்டில் நிற்கும் சிறு பொறியின் சீட்டிலும் பெரும்பாலும் இதையொட்டிய எண்ணே அச்சிடப்பட்டிருக்கும். டியூடரின் ஏரிப்பனி இன்னும் நம் கணக்கில் உருகிக்கொண்டிருக்கிறது.

இனி பிளாரிடா மாநிலத்திற்குச் செல்வோம். மெக்ஸிகோ வளைகுடாவின் கரையில் அப்பலாச்சிகோலா என்பது அக்காலத்தில் பருத்தி ஏற்றுமதியால் செழித்த துறைமுகம். காய்ச்சலுக்கும் அங்கே குறைவில்லை. ஜான் கோரி என்னும் மருத்துவர் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க விரும்பினார். கூரையிலிருந்து ஒரு பாத்திரத்தைத் தொங்கவிட்டு அதில் பனிக்கட்டியை வைத்தார். புகைபோக்கி வழியாக வந்த காற்று பனிக்கட்டியின்மேல் படிந்து குளிர்ந்து, கனத்துக் கீழே இறங்கிற்று. தரையருகே அமைத்த திறப்பின் வழியாக வெளியேறிற்று. காற்று வர ஒரு வழி, போக ஒரு வழி என்று இரண்டையும் அவர் எண்ணி அமைத்தார். இதனை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வடக்கிலிருந்து வரும் கப்பல் தவறினால் பனிக்கட்டி இல்லை. ஆகவே கோரி அதனைப் பொறியால் ஆக்கத் துணிந்தார். காற்றை அமுக்கினால் சூடேறும். அச்சூட்டை நீரினால் போக்கிவிட்டு, அமுக்கிய காற்றை மீண்டும் விரியவிட்டால் அது மிகவும் குளிரும். இவ்வுண்மையைக் கொண்டு அவர் செய்த பொறிக்கு 1851-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் அமெரிக்க அரசு காப்புரிமை வழங்கியது. அதன் எண் 8080. ஆனால் பயன் விளையவில்லை. பொருளுதவி செய்த பங்காளி இறந்தார். புதிய முதல் கிடைக்கவில்லை. பனிக்கட்டி வணிகர்கள் தமக்கு எதிராகத் தூண்டிவிடுகிறார்கள் என்று கோரி ஐயுற்றார். 1855-இல் வறியவராக மாண்டார். தீய காற்றினால் மலேரியா வருகிறது என்னும் அவருடைய நம்பிக்கை தவறானது. அந்நோயைக் கொசு பரப்புகிறது என்பதை 1897-இல் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். காரணத்தைப் பிழைபட உணர்ந்த மருத்துவர் ஒருவர் கருவியைச் சரிபடக் கண்டார் என்பது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று. 1914 முதல் வாஷிங்டன் நகரத்து நாடாளுமன்ற மாளிகையில் பிளாரிடாவின் சார்பாக அவர் சிலை நிற்கிறது.

இன்றைய பொறிகள் கோரியின் வழியில் செல்லவில்லை. அவை ஆவியின் வழியைப் பின்பற்றுகின்றன. திரவம் ஆவியாகும்போது சுற்றிலும் உள்ள வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். 1758-இல் பெஞ்சமின் பிராங்கிளினும் ஜான் ஹாட்லியும் கேம்பிரிட்ஜில் வெப்பமானியின் குமிழை ஈதரில் நனைத்துத் துருத்தியால் ஊதினார்கள். வெயிற்காலத்திலேயே அது உறைநிலைக்கும் வெகு கீழே இறங்கிற்று. ஆனால் காற்றோடு போன ஈதர் போனதுதானே! அதனை மீண்டும் பிடித்து, அமுக்கித் திரவமாக்கி, திரும்பத் திரும்பச் சுற்றிவிடும் பொறிக்கு ஜேக்கப் பெர்க்கின்ஸ் என்பவர் 1834-இல் லண்டனில் காப்புரிமை பெற்றார். கம்ப்ரஸர், சூடான சுருள், குளிர்ந்த சுருள் என்னும் இன்றைய அமைப்பு அதன் வழிவந்ததே. குளிர்ந்த சுருள் அறையின் வெப்பத்தை வாங்கும். சூடான சுருள் அதனை வெளியே கொட்டும். வெளியே கொட்ட வேண்டும் என்பதே நம் துதிக்கைக் குழாயின் தொழில்.

1902-இல் கதை வேறொரு திருப்பம் கொள்கிறது. நியூயார்க் நகரத்தைச் சேர்ந்த புரூக்ளினில் ஓர் அச்சகம். பல வண்ணப் படங்களை அச்சிடும்போது, கோடைக்காலத்து ஈரத்தால் தாள் விரிந்தும் சுருங்கியும் ஒரு வண்ணத்தின்மேல் மற்றொரு வண்ணம் பொருந்தாமற் போயிற்று. இதற்குத் தீர்வு காண அமர்த்தப்பட்ட வில்லிஸ் காரியருக்கு வயது இருபத்தைந்து. காற்றைக் குளிர்ந்த சுருளின்மேல் செலுத்தினால் ஈரம் நீராகப் படிந்துவிடும் என்பதைக் கணக்கிட்டு அறையின் ஈரத்தை நிலைநிறுத்தினார். மனிதனுக்காக அன்று, தாளுக்காகவே அப்பொறி பிறந்தது. மனிதர் பின்னர்தான் அதன் நிழலில் வந்து அமர்ந்தனர். 1925-இல் நியூயார்க்கின் ரிவோலி திரையரங்கில் காரியரின் பொறி ஓடத் தொடங்கியபின், கோடையில் வெறிச்சோடிக் கிடந்த அரங்குகள் நிரம்பின. பெரிய கட்டடங்களிலிருந்து வீட்டுச் சன்னலுக்கும், சன்னலிலிருந்து உருளைமேல் நகரும் பொறிக்கும் அது சுருங்கி வந்த வரலாற்றை நான் விரிக்கப் போவதில்லை.

ஒன்றை மட்டும் கூற வேண்டும். பழைய பொறிகளில் சுற்றிய அம்மோனியாவும் கந்தக டையாக்ஸைடும் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. 1930-இல் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் பிரியான் என்னும் புதிய வாயுவை வேதியியல் அறிஞர் முன் தாமே முகர்ந்து, அந்த மூச்சினாலேயே மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். நஞ்சும் அன்று, தீப்பற்றுவதும் அன்று என்று உலகம் மகிழ்ந்தது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னர்ப் பெட்ரோலில் ஈயத்தைக் கலக்கும் முறையைக் கண்டவரும் இவரே. ஆக, ஒரு காலத்துக் கார் ஷெட்டில் நின்ற கார், குளிர்ப்பொறி ஆகிய இரண்டிலும் ஒரே மனிதரின் கைத்தடம் இருந்தது. பிரியான் வகை வாயுக்கள் வானின் ஓஸோன் படலத்தைச் சிதைக்கும் என்று மோலினா, ரோலண்ட் என்னும் அறிஞர் 1974-இல் எச்சரித்தனர். 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை பிறந்தது. மாற்றாக வந்த வாயுக்கள் ஓஸோனைக் கெடுக்காவிடினும் புவியை வெகுவாகச் சூடேற்றுவன. அவற்றைக் குறைக்க 2016-இல் கிகாலி நகரில் உடன்பாடு கண்டனர். ஈயம் கலந்த கார்ப் பெட்ரோலோ 2021-இல்தான் உலகை விட்டு நீங்கியது.

மீண்டும் நம் கார் ஷெட்டுக்கு வருவோம். ஒற்றைக் குழாய்ப் பொறி சூடான சுருளைக் குளிர்விக்க அறையின் காற்றையே எடுத்து வெளியே தள்ளுகிறது. தள்ளிய காற்றின் இடம் வெற்றிடமாக நிற்குமா? கதவின் அடியிலும் இடுக்கிலும் புகுந்து வெயிற்காற்று அதனை நிரப்பும். பாதி வேலையைத் தானே அழித்துக்கொள்ளும் பொறி இது என்று சொல்வேன். இக்குறையையும் கணக்கில் சேர்க்கும் சோதனை முறையை அமெரிக்க எரிசக்தித் துறை 2016-இல் வகுத்த பின்னர், பழைய சீட்டில் பெரிதாக இருந்த எண் புதிய கணக்கில் வெகுவாகச் சுருங்கியது.

குறை இதனோடு நில்லாது. அந்நாட்டில் பல வீடுகளில் எரிவாயுவால் வெந்நீர் காய்ச்சும் கலனும் கார் ஷெட்டிலேயே இருக்கும். அறைக்குள் காற்றழுத்தம் குறைந்தால், புகைபோக்கியில் மேலேற வேண்டிய புகை கீழ்நோக்கி இழுக்கப்படலாம். அப்புகையில் கார்பன் மோனாக்ஸைடு கலந்திருக்கக்கூடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவனை எழுப்பாமலே கொன்றுவிடும். இரண்டு குழாய்கள் உடைய பொறி வெளிக்காற்றை ஒன்றால் வாங்கி மற்றொன்றால் விடுகிறது, அறைக்காற்றைத் தொடுவதில்லை. வர ஒரு வழி, போக ஒரு வழி. கோரி தம் நோயாளிகளின் அறைக்கு அமைத்ததும் இவ்விரண்டையுமே.

ஈரத்தட்டி போன்ற நீர்க்குளிர்ப்பான் போதாதா என்று உங்களுள் ஒருவர் கேட்கலாம். அரிசோனாவின் உலர்ந்த காற்றில் அது நன்றாகவே உதவும். நம் வெட்டிவேர்த் தட்டியும் உலர்ந்த காற்று வீசும் உள்நாட்டில்தான் சிறக்கும். ஹூஸ்டன் போன்ற ஈரமான கடலோர நாட்டில் நீர் ஆவியாகவே மறுத்துவிடும்.

ஒரு டன் பொறி அறையிலிருந்து எடுப்பது ஏறத்தாழ மூன்றரைக் கிலோவாட் வெப்பம். தான் உண்ணும் மின்சாரத்தின் வெப்பத்தையும் அதனோடு சேர்த்தே குழாய் வெளியே கொட்டுகிறது. ஆதலால் தெருவுக்குக் கிடைக்கும் வெப்பம் அறை இழந்த வெப்பத்தைவிட எப்போதும் மிகுதி. ஒரு வீட்டளவில் இதனை யாரும் உணர்வதில்லை. அரிசோனாவின் தலைநகரான பீனிக்ஸைக் குறித்து 2014-இல் வெளிவந்த ஆய்வொன்று, குளிர்ப்பொறிகள் கொட்டும் வெப்பத்தால் அந்நகரின் சில பகுதிகளில் இரவு வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸுக்கு மேலும் உயர்கிறது என்று கணக்கிட்டது. அவ்விரவில் பக்கத்து வீட்டுப் பொறி இன்னும் சிறிது நேரம் கூடுதலாக ஓடும்; அதன் குழாயும் தெருவை நோக்கியே நீண்டிருக்கும்.