சட்டைக் காலரில் ஒரு வெற்றுக் குழல்

போர்முனையில் காயமுற்றவனின் சட்டைக் காலரில் வெறுமையான சிறு குழலொன்று குத்தப்பட்டிருக்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மருத்துவப் படையினர் கைக்கொண்ட வழக்கம் இது. இவனுக்கு மார்பின் கொடுத்தாகிவிட்டது என்று அடுத்து வருபவருக்குச் சொல்லும் அடையாளம்.

அக்குழலின் பெயர் சிரெட். ஸ்குவிப் நிறுவனத்தின் தயாரிப்பு. பற்பசைக் குழலின் சிற்றுரு போன்றது, முனையில் ஊசி, உள்ளே அரை கிரெயின், அதாவது ஏறத்தாழ 32 மில்லிகிராம் மார்பின். உள்ளடைப்பைக் கம்பியால் துளைத்து, தோலுக்கடியில் செருகிப் பிதுக்கினால் போதும்.

1850-களில் எடின்பரோ மருத்துவர் அலெக்சாண்டர் வுட் ஊசிவழியே மார்பின் செலுத்தத் தொடங்கிய காலந்தொட்டு, மருந்தை அளப்பதும் நிரப்புவதும் பெரும்பாலும் ஊசி போடுபவரின் வேலையாகவே இருந்தன. 1886-இல் பாரிஸ் மருந்தாளுநர் லிமூசின் உருவாக்கிய கண்ணாடி ஆம்பூல் மருந்தின் தூய்மையைக் காத்தது; ஆயினும் அதை உடைத்து உறிஞ்சும் வேலை எஞ்சியிருந்தது. சிரெட் அதையும் நீக்கியது. குண்டுமழைக்கு அப்பால், தொழிற்சாலையின் அமைதியிலேயே அளவு தீர்மானமாகிவிட்டது.

அத்துடன் தவறு ஒழிந்துவிட்டதா? ஹார்வர்டின் மயக்கவியல் மருத்துவர் ஹென்றி பீச்சர் போர்முனையில் கண்டது வேறு. குளிராலும் அதிர்ச்சியாலும் தோலில் இரத்தவோட்டம் குன்றிய வீரனுக்குச் செலுத்திய மருந்து, உடலில் கலவாமல் தேங்கிவிடும். வலி தணியவில்லையென்று மறுமுறையும் கொடுப்பார்கள். பின்னர் உடல் சூடேறித் தேறும்போது தேங்கியதெல்லாம் ஒருசேரக் கலந்து மூச்சை ஒடுக்கும். 1944-இல் அவர் இதைக் கட்டுரையாக எழுதினார். காலரில் குத்திய வெற்றுக் குழலின் மதிப்பு இங்கேதான் விளங்குகிறது.

இன்றைய அறுவை அரங்கிலும் சிக்கல் ஏறக்குறைய அதுவே. தசைதளர்த்தி, வலிநீக்கி, இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்து எனப் பலவும் ஊசிக்குழலில் ஏறியபின் நீர்போலவே தோன்றும். எனவேதான் 2008-இல் வெளியான ஐஎஸ்ஓ 26825 தரநிலை ஒட்டுச்சீட்டுகளுக்கு நிறம் வகுத்தது: அபினி வகைக்கு நீலம், தசைதளர்த்திக்குச் சிவப்பு. தொழிற்சாலையிலேயே நிரப்பி, பெயரும் செறிவும் பொறித்து வரும் ஊசிக்குழலோ கரைத்தல், உறிஞ்சுதல், சீட்டு ஒட்டுதல் என்ற படிகளையே விலக்கிவிடுகிறது. அவற்றில் நேரும் பிழைகளுக்கும் அங்கே இடமில்லை. ஆம்பூலை உடைக்கையில் கண்ணாடித் துகள் கலக்கும் அச்சமும் இல்லை. நெருக்கடிக்கென உறிஞ்சிவைத்து, தேவைப்படாமல் மாலையில் கொட்டப்படும் மருந்தும் மிச்சமாகிறது. விலை கூடுதல்தான், ஆனால் வீணாவதையும் பிழையையும் சேர்த்தே அதைக் கணக்கிட வேண்டும்.

எனினும் யாருக்கு, எப்போது, எத்தனை முறை என்ற தீர்ப்பை எக்குழலிலும் அடைத்து அனுப்ப இயலாது. பொறித்த பெயரைப் படித்தாக வேண்டும். கொடுத்ததைக் குறித்தாக வேண்டும். அன்று அந்தக் காலரில் ஒரு குண்டூசிபோல் நின்று சிரெட் செய்த வேலை அதுதான்.