டென்மார்க்கின் இலையுதிர் காலம்: தொழுவத்திலிருந்து ஒரு வரலாறு

பெருநாள் காலங்களில் நம் வீடுகளுக்கு வந்து சேரும் நீலநிறத் தகரப் பெட்டியை அறியாதார் இலர். உள்ளே இருக்கும் வெண்ணெய் பிஸ்கட்டுகள் தீர்ந்த பின்னர் அது ஊசிநூல் பெட்டியாகிவிடும். அதன் மூடி டென்மார்க் என்னும் நாட்டை நமக்கு நினைவூட்டுகிறது. பரப்பில் சிறிய அந்நாடு வெண்ணெய்க்குப் பெயர்பெற்றது எவ்வாறு? அதற்கான விடை அரண்மனைகளில் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சில மாடுகளே வைத்திருந்த குடும்பங்களின் தொழுவங்களில் இருக்கிறது. அக்குடும்பங்கள் இலையுதிர் காலத்தின் பொருளையே மாற்றியமைத்தன.

தமிழ் மரபு ஆயர் வாழும் முல்லை நிலத்திற்குக் கார்காலத்தைப் பெரும்பொழுதாக வகுத்தது. மழை பெய்து புல் தழைக்கும் அக்காலம் ஆநிரைக்கு வளமான காலம். வட ஐரோப்பாவின் இலையுதிர் காலமோ இதற்கு நேர்மாறானது. செப்டம்பர் கழிந்தால் பகல் சுருங்கும். புல் வளர்ச்சி குன்றும். பழைய டென்மார்க்கில் பசுக்கள் வசந்தத்தில் கன்று ஈன்றன. கோடைப் புல்லைத் தின்று பால் சுரந்தன. இலையுதிர் காலத்தில் வற்றத் தொடங்கின. குளிர்காலம் முழுதும் வைக்கோலே அவற்றின் பெரும்பகுதி உணவு. மீண்டும் புல் முளைக்கும் வேளையில், மெலிந்த மாடுகள் எழுந்து நிற்கவும் வலுவின்றி இருந்ததுண்டு.

இந்நிலையை மாற்றும் நெருக்கடி 1870களில் எழுந்தது. அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் மலிவான தானியம் ஐரோப்பியச் சந்தைகளில் வந்து குவிந்தது. தானியம் விற்றுப் பிழைத்த டேனிஷ் உழவர்கள், அத்தானியத்தையே மாட்டுக்கும் பன்றிக்கும் ஊட்டி, வெண்ணெயும் பன்றியிறைச்சியுமாகப் பிரிட்டனுக்கு அனுப்பத் தலைப்பட்டனர். கோடையில் எல்லாரிடமும் வெண்ணெய் இருக்கும். குளிர்காலத்தில் அது அரிதாகும். அரிதானதற்கே நல்ல விலை. எனவே பசுக்கள் இலையுதிர் காலத்தில் ஈனுமாறு பருவத்தைத் திட்டமிட்டனர். வைக்கோலுடன் பிண்ணாக்கையும் தீவனக் கிழங்குகளையும் சேர்த்தனர். பால் ஓயும் பருவம் பால் பெருகும் பருவமாயிற்று. கூடவே வேலையும் பெருகிற்று.

அவ்வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கோடையில் பசுக்களை முளையடித்துக் கயிற்றில் கட்டி மேய்த்தனர். மேய்ந்து தீர்ந்ததும் முளையைப் பிடுங்கி அடுத்த இடத்தில் அடித்தனர். குளிர் இறங்கியதும் அவற்றைத் தொழுவத்திற்குள் கொணர்ந்து கட்டினர். அன்றுமுதல் தீவனமும் நீரும் மாட்டைத் தேடிச் செல்லவேண்டும். சாணம் நாள்தோறும் வெளியேறவேண்டும். விடியுமுன் ஒரு கறவை, மாலையில் மற்றொரு கறவை, இரண்டும் விளக்கொளியில். இடையில், உறைபனி விழுமுன் தீவனக் கிழங்குகளை ஈரமண்ணிலிருந்து பிடுங்கித் தழையரிந்து குவித்து மூடவேண்டும். பிள்ளைகளும் வயலில் இறங்கினர். அக்டோபர் நடுவில் டேனிஷ் பள்ளிகளுக்கு இன்றும் கிடைக்கும் ஒரு வார விடுமுறையை மக்கள் ‘உருளைக்கிழங்கு விடுமுறை’ என்று அழைப்பதுண்டு. அது ஓய்வுக்காகப் பிறந்த பெயரன்று. கிழங்கு அகழ்ந்த சிறுகைகளின் நினைவு. நவம்பர் 1ஆம் நாள் பண்ணையாட்களும் பணிப்பெண்களும் ஒரு வீட்டை விட்டு மற்றொரு வீட்டில் வேலைக்குச் சேரும் நாள். ஓராண்டில் அத்தகைய நாள்கள் இரண்டு; மற்றது மே 1.

இத்துணை உழைத்தும் சிறு குடும்பத்திற்கு உரிய விலை கிட்டவில்லை. பெரும் பண்ணையில் ஒரே நாளின் பாலேட்டைத் திரட்டிக் கடைய முடிந்தது. சில மாடுகளே உள்ள வீட்டிலோ பல நாள் ஏட்டைச் சேர்த்துவைக்கவேண்டும்; அதற்குள் அது கெடும். ஆகவே பண்ணை வெண்ணெய்க்கு ஒரு விலை, உழவர் வீட்டு வெண்ணெய்க்குத் தாழ்ந்த விலை. 1878இல் சுவீடனின் குஸ்தாவ் டி லாவால் உருவாக்கிய, சுழற்சியால் ஏட்டைப் பிரிக்கும் பொறி ஒரு வழியைக் காட்டிற்று. ஆயினும் சிறு குடும்பம் தனித்து அதை வாங்குவது எளிதன்று.

1882இல் மேற்கு யூட்லாந்தின் யெடிங் என்னும் சிற்றூர் உழவர்கள் ஒன்றுகூடி டென்மார்க்கின் முதல் கூட்டுறவுப் பாற்கூடத்தை நிறுவினர். நாள்தோறும் வண்டி வீடுவீடாகப் பால் சேகரித்தது. ஏடெடுத்த பால் பன்றிக்கும் கன்றுக்கும் உணவாகத் திரும்பி வந்தது. இவ்வகைக் கூடங்களில் எத்தனை மாடு வைத்திருந்தாலும் உறுப்பினருக்கு ஒரே வாக்கு என்பது பொது விதியாயிற்று. டேனிஷ் மொழியில் தலையையும் மாட்டையும் குறிக்கும் சொற்கள் ஓர் உயிரெழுத்தால் மட்டுமே வேறுபடுகின்றன. அதைக்கொண்டே, வாக்குத் தலைக்குத்தான், மாட்டுக்கு அன்று என்னும் சொல்விளையாட்டு வழக்கில் நிலைத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தகைய கூடங்கள் ஆயிரத்தைத் தாண்டியிருந்தன.

இவ்வெற்றிக்கு மறுபக்கமும் உண்டு. அதுவரை வெண்ணெய் கடைதல் இல்லத்தரசியின் கலை. ஏடு புளிக்கும் பதமும் வெண்ணெய் திரளும் பதமும் அவள் கையறிவு. கூட்டுறவுக் கூடத்தின் பொறிக்கருகே பெரும்பாலும் ஆண்களே நின்றனர். கடைதல் வீட்டை விட்டுப் போயிற்று. கறத்தல் பெண்களிடமே தங்கிற்று. குடும்பத்தின் வருவாய் உயர்ந்தபோது, அக்குடும்பத்திற்குள் ஒருவரின் திறன் மதிப்பிழந்தது. மாட்டின் எண்ணிக்கையைப் பாராமல் சமன் செய்த அமைப்பு, வீட்டுக்குள் இருந்த சமமின்மையைத் தீர்க்கவில்லை.

முன்பின் அறியாத ஒரு முறையில் உழவர்கள் ஒருவரையொருவர் நம்பக் காரணம் யாது? மக்கள் கல்விக்கூடங்களும் ஒரு காரணம் என்பர் வரலாற்றாசிரியர். அவற்றுள் முதலாவது 1844இல் ரெடிங் என்னும் ஊரில் டேனிஷ் மொழியைப் பேணும் நோக்குடன் தொடங்கப்பெற்றது. கிழங்கு வேலை முடிந்த இளைஞர்கள் குளிர்காலத்தில் அங்குத் தங்கித் தாய்மொழியையும் வரலாற்றையும் கற்றனர். பெண்களுக்கான வகுப்புகள் கோடையில் நடந்தன. தம் மொழியில் கூடிப் பேசக் கற்றவர்கள் ஒரு சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசவும் அஞ்சவில்லை.

மாணவர்கள் வரலாற்றை மன்னர் ஆண்டுகளால் மட்டும் அளக்கவேண்டியதில்லை. வீட்டிலுள்ள தகரப் பெட்டியை எடுத்து, இதன் பின்னால் யார் விடியுமுன் எழுந்தார், யாருக்கு வாக்கு இருந்தது, யாருடைய கைத்திறன் மறக்கப்பட்டது என்று வினவினாலே போதும். வரலாறு அங்கிருந்து தொடங்கும்.