அபின், அரசு, பயங்கரவாதம்: போட்டாதாங்கிலிருந்து தொடங்கவேண்டிய ஒரு பாடம்

‘போதைவஸ்துப் பயங்கரவாதம்’ என்ற கூட்டுச்சொல் 1983இல் பெரு நாட்டின் சனாதிபதி பெர்னாண்டோ பெலாவுண்டே டெரியினால் புழக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அது பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்தலைப்பு. பாடம் அநேகமாக ஒரே விதமாகவே நடக்கிறது. காட்டில் ஒரு ஆயுதக்குழு இருக்கிறது, அதற்குப் பணம் தேவை, ஆகவே அது போதைவஸ்து விற்கிறது, அரசு அதனை ஒடுக்க முயல்கிறது. வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில் இந்தக் கதையை மாணவர்களுக்கு இப்படியே ஒப்புவிக்க என்னால் முடியவில்லை. கதையில் அரசு வந்து சேரும் நேரம் பிழையாக இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் அரசுதான் முதலில் வந்தது.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் பர்மா. அதிலும் ஷான் மலைகளை விட்டு ரங்கூனின் போட்டாதாங் பகுதியிலிருந்தே தொடங்குகிறேன். ஆயிரம் படைத்தலைவர்கள் என்பது அப்பெயரின் பொருள். ஆற்றங்கரையில் பழைய பகோடா, அதனருகே படகுத்துறை, சற்று உள்ளே செங்கல்லால் எழுந்த பிரமாண்டமான செயலகம். பிரித்தானிய பர்மாவை ஆண்ட கோப்புகள் இச்செயலகத்தில்தான் எழுதப்பட்டன. அவற்றில் அபின் வருமானக் கோப்புகளும் அடங்கும்.

பர்மிய மன்னர்கள் அபினைத் தடைசெய்து மீறியவர்களைக் கடுமையாகத் தண்டித்தார்கள். 1826இல் அரக்கானும் தெனாசரிமும், 1852இல் ரங்கூன் உள்ளிட்ட கீழ்ப்பர்மாவும் ஆங்கிலேயர் வசமான பின்னர், வங்காளத்து அபின் உரிமம் பெற்ற கடைகளில் விற்பனைக்கு வந்தது. அதனால் விளைந்த சீரழிவை 1880இல் எடுத்துச்சொன்னவர் ஒரு கலகக்காரரல்ல. பிரதம ஆணையாளரான சார்ல்ஸ் எய்ச்சிசன்தான் மாவட்ட அதிகாரிகளின் அறிக்கைகளைத் திரட்டி மேலிடத்துக்கு எழுதினார். 1894 முதல் பர்மியருக்கு அபின் விற்பது தடைசெய்யப்பட்டது. ஏற்கெனவே பழக்கமானவர்கள் மட்டும் பதிவேட்டில் சேர்க்கப்பட்டனர். சீனருக்கும் இந்தியருக்கும் கடைகள் திறந்தே இருந்தன.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் சற்று நிற்கவேண்டும். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் அரிசி ஆலைகளில் உழைத்தவர்களும் அவர்களில் அடக்கம். தமிழரும் தெலுங்கரும் அவர்களிடையே இருந்தனர். பர்மியனைக் கெடுக்கும் என்று தடுக்கப்பட்ட பொருள் கூலிக்காரனுக்குச் சட்டப்படி விற்கக்கூடியதாயிற்று. போதைவஸ்துச் சட்டம் பொருளைப் பார்த்து மட்டும் எழுதப்படுவதில்லை, ஆளைப் பார்த்தும் எழுதப்படுகிறது என்பதை மாணவர்கள் இங்கேதான் முதலில் கண்டுகொள்கிறார்கள்.

சல்வீன் ஆற்றுக்குக் கிழக்கே, கொக்காங்கிலும் வா மலைகளிலும் ஆங்கிலேயர் அபின் பயிரை அனுமதித்தே வந்தனர். 1948இல் சுதந்திரம் வந்தது. 1950 அளவில் சீனப் புரட்சியில் தோற்ற கோமிந்தாங் படைகள் ஷான் மாநிலத்துக்குள் நுழைந்து, அமெரிக்க, தாய்வான் உதவியுடன் தளம் அமைத்தன. பர்மா ஐ.நா.விடம் முறையிட்டது. 1953இலும் 1961இலும் ஒரு பகுதியினர் தாய்வானுக்கு அகற்றப்பட்டார்கள். எஞ்சியவர்கள் அபினை வாங்கிக் கோவேறு கழுதைத் தொடர்களில் தாய்லாந்து எல்லைக்குக் கொண்டுசென்று வாழ்ந்தார்கள். மலைக்கிராமத்துப் பயிர் உலகச் சந்தைச் சரக்கானதில் கெடுபிடிப்போருக்குப் பெரும் பங்குண்டு. இதனை ஆராய்ந்து 1972இல் நூலாக்கிய அல்பிரட் மக்கோய் அப்போது யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். வெளிவருமுன்னரே அந்நூலின் கையெழுத்துப்படியைப் பார்க்கவேண்டுமென்று அமெரிக்க உளவுத்துறை பதிப்பகத்தைக் கேட்டது. ஒரு மாணவரின் ஆய்வு இத்தனை தூரம் போகக்கூடும் என்று நான் வகுப்பில் சொல்லத் தவறுவதில்லை.

1963இல் நே வின் அரசு ‘கா குவே யே’ என்ற ஊர்காவல் படைகளை அமைத்தது. கிளர்ச்சியாளரை எதிர்க்கவேண்டும்; பதிலுக்கு அரசு வீதிகளில் அபின் கொண்டுசெல்லலாம். ஏற்பாடு இவ்வளவுதான். லோ ஷிங் ஹானும் குன் சாவும் இப்படி அரசின் கூட்டாளிகளாக வளர்ந்தவர்களே. 1973இல் படைகள் கலைக்கப்பட்டன. லோ ஷிங் ஹான் கிளர்ச்சியாளருடன் சேர்ந்து தாய்லாந்தில் பிடிபட்டார். ரங்கூனில் அவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. குற்றம் இராஜத்துரோகமேயன்றிப் போதைவஸ்து அல்ல. அரசின் அனுமதியோடு செய்த வியாபாரத்துக்கு அரசு எப்படித் தண்டனை கொடுக்கும்?

அவர் 1980இல் பொதுமன்னிப்பில் வெளிவந்தார். 1992இல் அவரது குடும்பம் தொடங்கிய ஆசியா வேர்ல்ட் நிறுவனம் துறைமுகம், வீதி, கட்டிடம் என்று விரிந்தது. அமெரிக்க நீதிமன்றத்தில் 1990இல் குற்றம்சாட்டப்பட்ட குன் சா 1996 சனவரியில் சரணடைந்தார். அவரை அமெரிக்காவிடம் ஒப்படைக்க அரசு மறுத்தது. 2007இல் ரங்கூனிலேயே காலமானார். 1989இல் பர்மியக் கம்யூனிஸ்ட் கட்சியின் படைகள் உள்ளிருந்தே உடைந்தபோது, கொக்காங், வா குழுக்களுடன் இராணுவம் போர்நிறுத்தம் செய்துகொண்டது. அபின் அவர்கள் கையிலேயே இருந்தது.

அதே காலத்தில் யார் சிறையிலிருந்தார்கள்? 1988 எழுச்சியின் மாணவர்கள். போட்டாதாங் செயலகத்தருகே ஒரு வீதிக்கு போ ஆங் சோ என்று பெயர். 1938 டிசம்பரில் அங்கு நடந்த ஆர்ப்பாட்டத்தில் பொலிசார் அடித்ததால் இறந்த பல்கலைக்கழக மாணவர் அவர். 1962 யூலை 7இல் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் இராணுவம் சுட்டது. மறுநாள் மாணவர் சங்கக் கட்டிடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1996 டிசம்பர் ஆர்ப்பாட்டங்களுக்குப் பின் பல்கலைக்கழகங்கள் ஏறக்குறைய 2000 வரை மூடிக்கிடந்தன. அபின் பிரபுவுக்குத் தலைநகரில் வீடு, மாணவனுக்குச் சிறை.

‘பயங்கரவாதி’ என்ற சொல்லின் போக்கும் இதுவே. அரக்கான் இராணுவம் 2020 மார்ச்சில் பயங்கரவாத இயக்கமாக அறிவிக்கப்பட்டு 2021 மார்ச்சில் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2021 பெப்ரவரிச் சதிப்புரட்சிக்குப் பின், தெரிவுசெய்யப்பட்ட பிரதிநிதிகள் அமைத்த தேசிய ஐக்கிய அரசாங்கமே அவ்வாண்டு மே மாதத்தில் பயங்கரவாத அமைப்பாயிற்று. செயல் மாறவேண்டியதில்லை, அரசின் தேவை மாறினால் பட்டியல் மாறும்.

இவ்வளவையும் கேட்டு எங்களவர் சிலர் மகிழ்ந்துவிடக்கூடும். ‘பார்த்தீர்களா, எல்லாம் அரசுகளின் பொய்’ என்று. நான் அதற்கும் உடன்படவில்லை. ஷான் ஆயுதக்குழுக்கள் விடுதலையின் பெயரால் அபின் விவசாயியிடம் வரி அறவிட்டது உண்மை. மக்களுக்காக என்று தொடங்கிய படைகள் சரக்குக்குக் காவற்படைகளானதும் உண்மை. வெடிகுண்டில் இறந்த பயணிக்கும் ஹெரோயின் ஊசியில் இறந்த இளைஞனுக்கும் வரைவிலக்கண விவாதத்தால் ஆவதொன்றுமில்லை. பொதுமக்களைக் குறிவைத்துக் கொல்வது பயங்கரவாதம். அதனை இயக்கம் செய்தாலும் இராணுவம் செய்தாலும் அதே சொல்லைப் பயன்படுத்த மாணவர் பழகவேண்டும்.

புகலிடத்தில் இது வெறும் கல்விப் பிரச்சினையல்ல. 1980களில் ஐரோப்பாவில் ஹெரோயின் வழக்குகளில் தமிழ் இளைஞர் சிலர் தண்டிக்கப்பட்டபோது, அகதிச் சமூகம் முழுவதையும் சந்தேகத்துடன் எழுதிய பத்திரிகைகள் இருந்தன. இலங்கையில் 1979இன் பயங்கரவாதத் தடைச்சட்டம் ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்தே ஆளைச் சிறையிலிட்டது. அத்தகைய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று விரிவுரை மண்டபங்களில் இருக்கிறார்கள். இப்பாடம் நடக்கையில் பக்கத்து ஆசனத்தில் இருப்பவர் தங்களைத் திரும்பிப் பார்ப்பாரோ என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. ‘இதையெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் படிப்பிக்கவேண்டும்’ என்று கேட்கும் பெற்றோரின் கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் நாம் பேசாமலிருந்தால் மற்றவர்கள் எழுதிய பாடமே மிஞ்சும்.

ஆகவே என் மாணவர்களிடம் நான்கு கேள்விகளை மட்டும் கொடுக்கிறேன். யார் பயிரிட்டார்? யார் கொண்டுசென்றார்? பணம் எங்கே போய்ச் சேர்ந்தது? யாருக்குத் தண்டனை கிடைத்தது? ஒரே ஆண்டுக்கு இந்நான்கையும் நிரப்பிப் பார்க்கும்போது, முதலாவதிலும் நான்காவதிலும் ஏழைகளின் பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. வா பகுதியில் 2005இல் அபின் தடைசெய்யப்பட்டபோது பட்டினி கிடந்தவர்கள் மலைவிவசாயிகள். வியாபாரிகளோ செயற்கைப் போதைமாத்திரைகளுக்கு மாறிக்கொண்டார்கள். ஆப்கானிஸ்தானில் தலிபான் 2022இல் விதித்த தடைக்குப் பின், 2023இல் 1,080 தொன் என்ற மதிப்பீட்டுடன் பர்மா மீண்டும் உலகின் முதலாவது அபின் உற்பத்தி நாடானது. நாட்டில் போர் மூண்டு, வேறு பிழைப்பு அழிந்த இடத்தில் பொப்பிச் செடி திரும்பிவந்தது.

இந்நான்கு கேள்விகளையும் எங்கள் இயக்கங்களின் வரலாற்றுக்கும் போட்டுப்பார்க்க நாம் தயாரா? வாசகர்கள் இது குறித்து எழுதவேண்டும். உடன்படாதவர்கள் முதலில் எழுதினால் இன்னும் நல்லது.