ராத்திரி ஒன்பது மணிக்கு விரலில் குத்தியவர்கள்

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூரில் நாங்கள் குடியிருந்த தெருவுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சுகாதார ஊழியர்கள் வந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த என்னை எழுப்பி, விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்தார்கள். "வீங்கின கால் எனக்கு, குழந்தைய ஏன்ப்பா குத்துறீங்க? அதுவும் இந்நேரத்துல!" என்று பாட்டி சத்தம் போட்டார். அந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிய எனக்கு முப்பது வருஷம் ஆனது.

நேரம் பற்றியது சுலபம். யானைக்கால் புழுவின் குட்டிகள் பகலில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் தங்கி, இரவில் தோலோர ரத்தத்துக்கு வரும். கியூலெக்ஸ் கொசு கடிப்பதும் அப்போதுதான். 1877-ல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், இந்தக் குட்டிகள் கொசுவுக்குள் வளர்வதைக் கண்டார்.

ஆனால் வளர்கிறதே தவிர, பெருகுவதில்லை. மலேரியா கிருமி கொசுவுக்குள் ஆயிரக்கணக்கில் பெருகும். இது ஒன்று உள்ளே போனால் அதிகபட்சம் ஒன்றுதான் வெளியே வரும். நம்மூர்ப் புழுவுக்கு மனிதனை விட்டால் வேறு விலங்கும் கிடையாது. ஆண், பெண் இரண்டும் ஒரே ஆள் உடம்பில் சந்தித்தால்தான் அடுத்த தலைமுறை. அதனால் குட்டிகளைச் சுமக்கும் ஆட்கள் ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால், மிச்சப் புழுக்கள் ஜோடி கிடைக்காமல், சில வருஷங்களில் வயதாகிச் செத்துப்போகும்.

1955-ல் தொடங்கிய தேசியத் திட்டம் கொசுப்புழுவுக்கு மருந்து அடித்தது, ராத்திரி ரத்தம் எடுத்து, குட்டிகள் இருந்தவர்களுக்கு மட்டும் டி.இ.சி. மாத்திரை கொடுத்தது. வீடு வீடாக எத்தனை பேரைத்தான் எழுப்ப முடியும்? 2004-ல் நாடு தழுவிய முறை மாறியது: நோயுள்ள மாவட்டங்களில் வருஷம் ஒருமுறை எல்லோருக்கும் மாத்திரை. கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடுமையான நோயாளிகளுக்கு மட்டும் விலக்கு. இதே வழியில் போன இலங்கை, 2016-ல் நோயை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது.

"நான் நல்லாத்தானே இருக்கேன், எனக்கெதுக்கு சார் மாத்திரை?" என்று கேட்பவர்களுக்குப் பாட்டியின் இரண்டாவது கேள்விதான் பதில். கால் வீங்கியவர்களின் ரத்தத்தில் பெரும்பாலும் குட்டிகள் இருப்பதில்லை. ஒரு நோவும் இல்லாமல் ஓடியாடுகிறவர்களிடம்தான் அவை அதிகம். தெருவில் எல்லோரும் பாட்டியைப் பார்த்துத்தான் ஒதுங்கினார்கள். ஒதுங்கியவர்களில் யாரோ ஒருவர்தான் புழுவுக்கு இடம் கொடுத்திருக்க வேண்டும். ஒருவேளை நானாகக்கூட இருந்திருக்கலாம்.